யூதச் சமூகத்தில் ஆட்களை ஒருவரோடொருவர் இணைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

நாற்பது, ஐம்பது யூதக் குடும்பங்கள் வசிக்கும் ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு ஜெப ஆலயம் இருக்கிறது. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கும் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூருக்கும் நாற்காலி போதாது. மற்ற வாரங்களில் முதல் இரண்டு வரிசை நிறைந்தாலே பெரிய விஷயம். பல வருஷமாக ஒரே தெருவில் இருப்பவர்கள்கூடப் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. இவர்களைக் கோத்துவிடும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. யூதச் சமூக மையம் ஒன்றில் வேலைக்கோ தொண்டுக்கோ புதிதாகச் சேர்ந்தவரை மனதில் வைத்து எழுதுகிறேன். நீங்கள் யூதராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் யோசிப்பது அறிமுகக் கூட்டம்தான். ஹால் பிடித்து, காபி போட்டு, சட்டையில் பெயர்ச்சீட்டு ஒட்டுவார்கள். வந்தவர்கள் ஏற்கெனவே தெரிந்தவர்களோடு நின்று பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காசுக்குப் பிடித்த கேடு என்பேன். யூத வாழ்க்கை முறையில் ஒருவருக்கு இன்னொருவர் இல்லாமல் முடியாத இடங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. தொழுகைக்குப் பத்துப் பேர் வேண்டும், வெள்ளி இரவு மேஜைக்கு விருந்தாளி வேண்டும், துக்க வீட்டுக்குச் சாப்பாடு போக வேண்டும். அந்த இடங்களில் சரியான ஆளைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் உங்கள் வேலை. பழக்கம் அப்புறம் தானாக வரும்.

படி 1: பட்டியல் போடுங்கள்

பெயர், முகவரி, போன் நம்பர் மட்டும் போதாது. ஒவ்வொரு வீட்டுக்கும் இன்னும் சில விவரங்கள் வேண்டும்.

வாராந்திர ஓய்வு நாளான ஷப்பாத்தை எந்த அளவுக்கு அனுசரிக்கிறார்கள் என்பது முதல் விவரம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிலிருந்து சனிக்கிழமை இருட்டும் வரை, கண்டிப்பானவர்கள் கார் ஓட்ட மாட்டார்கள், போனைத் தொட மாட்டார்கள், பேனா பிடித்து எழுதக்கூட மாட்டார்கள். ஆகவே யார் வீட்டிலிருந்து யார் வீட்டுக்கு நடந்து போக முடியும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் ஏரூவ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கம்பம், கம்பி, சுவர் என்று தொடர்ச்சியாக எல்லை கட்டி, அதற்குள் பொருட்களைத் தூக்கிச் செல்ல அனுமதிக்கும் ஏற்பாடு அது. ஏரூவ் இல்லாத ஊரில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரக் கூடாது. சனிக்கிழமைகளில் இளம் தாய்மார்கள் தலை காட்டாததற்கு ஆர்வக்குறைவு காரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது, சமையலறை. கோஷர், அதாவது யூத உணவு விதி, பார்க்கிறார்களா, பார்த்தால் கடைச் சாமானில் எந்தக் கோஷர் முத்திரையை நம்புகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மூன்றாவது, எந்தப் பிரிவு, எந்த மரபு. பழைய விதிகளில் கண்டிப்பான ஆர்த்தடாக்ஸ், நடுவழியான கன்சர்வேடிவ், தளர்வான ரிஃபார்ம் என்று பிரிவுகள் உண்டு. மத்திய, கிழக்கு ஐரோப்பா வழிவந்த அஷ்கெனாசி, ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி என்று மரபுகளும் உண்டு. பஸ்கா பண்டிகையில் செபார்டிகளில் பெரும்பாலானவர்கள் சோறு சாப்பிடுவார்கள். அஷ்கெனாசி மரபுப்படி அந்த எட்டு நாளும் அரிசி கிடையாது. இது தெரியாமல் இரண்டு வீட்டைச் சேர்த்துவிட்டால் சங்கடம்தான்.

கடைசியாக, அந்த வீட்டுக்காரரால் என்ன தர முடியும் என்று கேளுங்கள். காலி அறை, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகக் கார், ருஷ்ய மொழி, தச்சு வேலை என எதுவாகவும் இருக்கலாம். 'உங்களுக்கு என்ன உதவி வேண்டும்' என்று நேரடியாகக் கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 'என்ன தர முடியும்' என்று கேட்டால் பேச்சுவாக்கில் தேவையும் வெளியே வந்துவிடும்.

ஒரு கண்டிப்பான விதி: இந்தப் பட்டியலை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள். 2018 அக்டோபர் 27 அன்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரின் ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்தில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டதில் 11 பேர் இறந்தார்கள். யூதக் குடும்பங்களின் முகவரிகள் மொத்தமாக ஒரே கோப்பில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. இரண்டு பேர் கையில் மட்டும் இருக்கட்டும்.

படி 2: பத்துப் பேரைத் தேடுங்கள்

பொதுத் தொழுகையின் சில பகுதிகளுக்கு மின்யான் வேண்டும். 13 வயது நிரம்பிய பத்துப் பேர் என்பது கணக்கு. ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் ஆண்களை மட்டும் எண்ணுவார்கள். ரிஃபார்மில் பெண்களும் கணக்கில் உண்டு. கன்சர்வேடிவ் பிரிவு 1973இல் அதற்கு வழிவிட்டது. உங்கள் ஆலயத்தில் எந்தக் கணக்கு என்பதை மதகுருவான ரபியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. தாயையோ தந்தையையோ இழந்தவர்கள் பதினொரு மாதம் கடீஷ் என்ற ஜெபத்தைச் சொல்வது வழக்கம். அதைத் தனியாகச் சொல்ல முடியாது, மின்யான் இருக்க வேண்டும். ஆகவே உங்கள் ஊரில் இப்போது கடீஷ் சொல்பவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவரைச் சுற்றித்தான் முதல் வலை கட்டப்படும். ஊருக்கெல்லாம் 'அனைவரும் வருக' என்று அனுப்புவதற்குப் பதில், ஒன்பது பேருக்குத் தனித்தனியாகப் போன் போடுங்கள். "வியாழக்கிழமை காலை எட்டுப் பேர் இருக்கிறோம். நீங்களும் உங்கள் மகனும் வந்தால் இன்னார் தன் அம்மாவுக்குக் கடீஷ் சொல்லலாம்." இப்படிக் கேட்டால் மறுக்கிறவர் குறைவு. பொதுவாக அழைத்தால் 'வேறு யாராவது போவார்கள்' என்று எல்லோரும் இருந்துவிடுவார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில், உள்ளூர் யூதர்கள் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்ட பிறகு, சுற்றுலா வந்த யூதர்களைச் சேர்த்துத்தான் பத்துப் பேரை நிரப்ப வேண்டியிருந்தது. எண்ணிக்கை குறைந்த ஊரில் வெளியூர்க்காரரும் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார்.

படி 3: வெள்ளி இரவு மேஜை

ஷப்பாத் தொடங்கும் இரவில் வீட்டில் நடக்கும் இந்த விருந்துக்குத்தான் உங்கள் நேரத்தில் பாதியைச் செலவழிக்க வேண்டும்.

ஒரு மேஜைக்கு எட்டுப் பேர் போதும். வீட்டுக்காரர்கள், அவர்களுக்குப் பழக்கமான ஒரு ஜோடி, முன்பின் தெரியாத இரண்டு பேர், அப்புறம் தனியாக வாழும் ஒரு பெரியவர். எட்டுப் பேருமே புதியவர்கள் என்றால் பேச்சு ஓடாது. அழைப்பு திங்களோ செவ்வாயோ போய்விட வேண்டும். வெள்ளி காலையில் கூப்பிட்டால், வரவேண்டிய வேறு யாரோ வரவில்லை என்று புரிந்துகொள்வார்கள்.

வருகிறவருக்கு முன்கூட்டியே சிலவற்றைச் சொல்லி அனுப்புங்கள். கோஷர் வீட்டுக்குச் சமைத்த பண்டம் எதையும் எடுத்துப்போகக் கூடாது. பூ நல்லது, அதையும் சூரியன் மறைவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் எரியட்டும், பழக்கதோஷத்தில் அணைத்துவிடாதீர்கள். சனி இருட்டும் வரை அதை அவர்கள் மறுபடி போட முடியாது. நீங்கள் யூதர் அல்லாதவர் என்றால் ஒயின் பாட்டிலைத் திறந்து ஊற்ற முந்த வேண்டாம். கண்டிப்பான வீடுகளில் அதற்கு விதி உண்டு, வீட்டுக்காரரே ஊற்றட்டும்.

மேஜையில் நடப்பது இதுதான். மெழுகுவர்த்திகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும். துணியால் மூடிய இரண்டு ஹல்லா ரொட்டிகள் இருக்கும். வீட்டுக்காரர் ஒயின் கிண்ணத்தை ஏந்தி, கித்தூஷ் என்ற ஆசி ஜெபத்தைச் சொல்வார். பிறகு ஒவ்வொருவராகப் போய் இரண்டு கைப்பிடி உள்ள குவளையால் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவார்கள். அதன் பின் சட்டென்று யாரும் பேச மாட்டார்கள். இதுவரை கலகலவென்று இருந்தவர்கள் சைகையில் உப்பைக் காட்டுவார்கள். முதல்முறை வருகிறவர், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று மிரண்டுபோவார். கை கழுவியதற்கும் ரொட்டியை ருசி பார்ப்பதற்கும் நடுவே பேசுவதில்லை என்பதுதான் விஷயம். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். இதை மட்டும் முன்னாலேயே காதில் போட்டுவிட்டீர்கள் என்றால் அவர் அடுத்த முறையும் வருவார்.

சாப்பிட்ட பிறகு யாரும் நம்பர் எழுதிக்கொள்ள முடியாது. அது உங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை, யாரோடு யார் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, இருவரின் சம்மதத்தோடு நம்பரைப் பரிமாறிவிடுங்கள்.

படி 4: பிறப்பு, நோய், சாவு

குழந்தை பிறந்த வீட்டுக்கும் நோயாளி உள்ள வீட்டுக்கும் முறை வைத்துச் சாப்பாடு அனுப்புங்கள். அட்டவணையில் இன்று இறைச்சியா பாலா என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும்; இரண்டையும் சேர்த்து உண்ணக் கூடாது. சமையலறை கோஷர்தானா என்று சந்தேகமுள்ளவர்களிடம் பழமும் முத்திரையிட்ட கடைச் சாமானும் கேளுங்கள், அவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். சாப்பாடு கொண்டுபோக, வீட்டுச் செய்தியை வெளியே சொல்லாத ஆட்களை மட்டும் அனுப்புங்கள். புறம்பேசுவதை யூத நெறி கடுமையாகவே விலக்குகிறது, ஆனால் வம்பு எல்லா ஊரிலும் வம்புதான்.

சாவு வீட்டில் அடக்கம் முடிந்ததும் ஏழு நாள் ஷிவா, அதாவது வீட்டிலேயே துக்கம் காப்பது. திரும்பி வந்து சாப்பிடும் முதல் உணவு அக்கம்பக்கத்தார் கொடுத்ததாக இருக்க வேண்டும். வேகவைத்த முட்டையும் பயறும் வழக்கம். குட்டை நாற்காலிகள், ஜெபப் புத்தகங்கள், வீட்டிலேயே மின்யான், இவை மூன்றும் அன்று மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். போகிறவர்களிடம் சொல்லுங்கள்: துக்கத்தில் இருப்பவர் பேசும் வரை சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

படி 5: ஒரு கெமாக் தொடங்குங்கள்

வட்டியில்லாமல் பணமோ, வாடகையில்லாமல் பொருளோ கடன் தரும் ஏற்பாட்டுக்குக் கெமாக் என்று பெயர். தொட்டில், மடக்கு நாற்காலி, கல்யாண உடை, ஊன்றுகோல் எதற்கு வேண்டுமானாலும் கெமாக் உண்டு. ஜெருசலேமில் ஊரி லுபோலியான்ஸ்கி என்ற இளம் ஆசிரியர், நீராவி பிடிக்கும் கருவியை அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கியதுதான் 1976இல் யாத் சாரா என்ற அமைப்பு ஆனது. இன்று மருத்துவக் கருவிகளை நாடு முழுக்க இரவல் தருகிறது. அவரும் பிற்பாடு அந்த நகரத்து மேயரானார். நியூயார்க்கின் ஹீப்ரூ ஃப்ரீ லோன் சொசைட்டி 1892இல் 95 டாலர் முதலோடு தொடங்கியது.

ஒரே பொருளில் தொடங்குங்கள். மடக்கு நாற்காலி இருபது வாங்கி ஒரு கராஜில் வைத்தாலே போதும். ஆலயத்தில் வைக்காதீர்கள். ஒரு வீட்டில் இருந்தால்தான் எடுக்க ஒருமுறை, திருப்ப ஒருமுறை கதவைத் தட்டுவார்கள். இரண்டாவது தடவை டீ கிடைக்கும். பணக் கெமாக் என்றால் கடன் வாங்குகிறவர் ஜாமீனுக்கு ஆள் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். வசூலுக்கு அது பாதுகாப்பு. உங்களுக்கோ, யார் யாரை நம்புகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

படி 6: அடுத்த ஊரோடு

சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி உள்ள பக்கத்து ஊரில் ஒருவரையாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நோயாளியோடு வருகிறவர்களுக்கு ஷப்பாத்தில் தங்க இடம் வேண்டும். படிப்பில் ஆர்வமுள்ளவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். ரபி மெயிர் ஷப்பிரோ 1923இல் முன்வைத்த தஃப் யோமி திட்டப்படி, உலகம் முழுவதும் ஒரே நாளில், யூதச் சட்ட நூலான தல்மூதின் ஒரே ஏட்டைப் படிக்கிறார்கள். 2,711 ஏடுகள், ஏறக்குறைய ஏழரை வருஷம். பயணம் போன ஊரிலும் இன்றைய ஏட்டைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பார்கள். 1980இல் இங்கிலாந்தில் தொண்டர்களால் தொடங்கிய லிம்முத் என்ற யூதக் கல்வி மாநாடுகளில், கற்பிக்கிறவரும் அடுத்த மணி நேரம் மாணவராக உட்காருகிறார். வருஷத்துக்கு நாலு பேரை அங்கே அனுப்பிப் பாருங்கள்.

படி 7: பூரிம் கணக்கு

எஸ்தர் கதையை நினைவுகூரும் பூரிம் பண்டிகையன்று, குறைந்தது ஒரு நண்பருக்காவது இரண்டு வகை உணவு அனுப்ப வேண்டும். ஏழைகள் இருவருக்குக் கொடையும் தர வேண்டும். பல ஆலயங்கள் இதை ஒரே ஏற்பாடாகச் செய்கின்றன. உறுப்பினர் பட்டியலில் யார் யாருக்கு அனுப்ப விருப்பமோ அவர்கள் பெயருக்கு நேராக டிக் போட்டுச் சிறு தொகை கட்டிவிட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே கூடை போகும். அனுப்பியவர்கள் பெயர் எல்லாம் அதோடு ஒரு சீட்டில் இருக்கும். அந்த டிக் பட்டியல் உங்களுக்கு மொய் நோட்டு மாதிரி. இந்த வருஷம் யார் யாரோடு ஒட்டினார்கள் என்பது அதில் அப்படியே இருக்கும்.

அந்தப் பட்டியலை மூடுவதற்கு ஒரு வாரம் முன்னால் உட்கார்ந்து எண்ணுங்கள். நாற்பது டிக் வாங்கிய வீட்டைப் பற்றி உங்களுக்குக் கவலை வேண்டாம். ஒன்றோ இரண்டோ வாங்கிய வீடுகளையும், ஒன்றுமே விழாத வீடுகளையும் தனியாக எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இரண்டு பேரைப் பிடித்து டிக் போடச் சொல்லுங்கள். கூடையை அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்புங்கள். பூரிம் விருந்து பகலில்தான் நடக்கும் என்பதால், மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தால் சாப்பிடவும் கூட்டிவந்துவிடலாம்.