இல்லாத காலின் உளைவுக்கு ஒரு கண்ணாடி: வீட்டில் செய்யும் முறை

வெட்டி எடுத்த காலின் பெருவிரல் இரவில் கடுக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை நம்புங்கள். பாதத்தை அசைக்கும் கட்டளை மூளையிலிருந்து இன்னும் புறப்படுகிறது. அசைந்துவிட்டது என்ற மறுசெய்திதான் திரும்பி வருவதில்லை. அந்த மறுசெய்தியைக் கண் வழியாகக் கொடுப்பதே கண்ணாடிச் சிகிச்சை.

யாழ்ப்பாணத்தில் ஷெல்லிலும் மிதிவெடியிலும் காலை இழந்தவர்கள், சலரோகப் புண்ணால் கால் எடுக்கப்பட்டவர்கள், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள் என்று இது உதவக்கூடிய வீடுகள் பல. வேண்டியது ஒரு கண்ணாடியும் நாளுக்குக் கால் மணி நேரமும்தான். ஆனால் கண்ணாடி நிற்கும் இடம் பிழைத்தால் மூளை ஏமாறாது, வேலையும் நடக்காது. ஆகவே தொடங்கும்போது இயன்மருத்துவரிடமோ தொழில்வழிச் சிகிச்சையாளரிடமோ ஒருமுறை காட்டி, அமைப்பைச் சரிபார்த்துக்கொண்டு வீட்டில் தொடருங்கள்.

மூளைக்குள் என்ன நடக்கிறது

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் ஆய்வு செய்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களின் நடுப்பகுதியில் கை இழந்தவர்களைக் கண்ணாடி வைத்த பெட்டிக்கு முன் இருத்தினார். அவர்களில் சிலருக்கு மாயக்கை (இழந்த பின்னும் இருப்பதாக உணரும் கை) இறுகப் பொத்தியபடி இருந்தது. நகம் உள்ளங்கையில் குத்துவதாக உணர்ந்தார்கள். நல்ல கை விரிவதைக் கண்ணாடியில் பார்த்ததும் பொத்திய மாயக்கையும் விரிந்தது. 1999இல் இதே முறை பாரிசவாதக் கைக்கும் பயன்படுத்தப்பட்டது. 2007இல் அமெரிக்காவில் கால் இழந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, நாளுக்கு 15 நிமிடம் வீதம் 4 வாரம் பார்த்தார்கள். கண்ணாடியைப் பார்த்துச் செய்த 6 பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடியோடு செய்தவர்களிலும், கண்ணை மூடிக் கற்பனை மட்டும் செய்தவர்களிலும் சிலருக்கு வலி கூடியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் காட்சிதான் மருந்து என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

இடது கையை ஆள்வது மூளையின் வலது பாதி. வலது கையை அசைத்துக்கொண்டு கண்ணாடியில் அதை இடது கையாகப் பார்க்கும்போது, மூளையின் வலது பாதியிலும் அசைவுக்குரிய பகுதி எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகிறது. பாரிசவாதத்துக்குப் பின் வேலையில்லாமல் கிடந்த பகுதிக்கு இது பயிற்சி. கூடவே, இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று பார்க்கும் உட்சுவரில், பின்மேற்புறமாக ஒரு பகுதி விழிக்கிறது. "இது என் உடல்" என்ற உணர்வோடு தொடர்புடைய பகுதி அது. அதனால்தான் பலருக்கு அசைவைவிட முதலில் மாறுவது உடலைப் பற்றிய உணர்வு: கை பாரம் குறைந்ததுபோல், சூடு வந்ததுபோல், "திரும்ப என்னோட சேர்ந்தது" போல் இருக்கும்.

வலி குறைவதற்கான காரணம் பற்றி ஒரே கருத்து இல்லை. மாய வலி (இல்லாத உறுப்பில் உணரும் வலி) கூடியவர்களின் மூளையில் உதட்டுக்குரிய இடம் கைக்குரிய இடத்துக்குள் நகர்ந்திருப்பதை 1995இல் கண்டார்கள். 2013இல் வந்த ஆய்வோ, வலி உள்ளவர்களிடம் கையின் இடம் அழியாமல் உயிர்ப்போடு இருப்பதாகக் காட்டியது. விவாதம் தொடர்கிறது. வீட்டில் செய்பவருக்கு வேண்டிய உண்மை எளியது: மூட்டு ஒன்றைச் சொல்லிக் கண் வேறொன்றைச் சொன்னால், மூளை பெரும்பாலும் கண்ணின் பக்கம் சாயும்.

கண்ணாடியும் அதன் இருப்பும்

கைக்கு 45 × 60 சென்ரிமீற்றர் போதும். முழங்காலுக்குக் கீழே எடுத்த காலுக்கு 90 சென்ரிமீற்றர் நீளம், முழங்காலுக்கு மேலே எடுத்ததற்கு 120, உயரம் 45. தடிப்பு 4 அல்லது 5 மில்லிமீற்றர். மெல்லிய கண்ணாடி வளையும். வளைந்தால் விரல் நீண்டும் பாதம் கோணியும் தெரியும், அந்தக் கணமே நம்பிக்கை போய்விடும். கடற்காற்றில் கறுத்த புள்ளி விழுந்த பழைய கண்ணாடியும் வேண்டாம். விளிம்பைக் கடையிலேயே உரைஞ்சி எடுத்து, ரேப் சுற்றுங்கள். பின்னால் பிளைவூட் பலகை ஒட்டி, அடியில் இரண்டு பக்கமும் குறுக்குக் கட்டை அடித்தால் ஆள் பிடிக்காமல் தானாக நிற்கும். ஒட்டும்போது வினாகிரி மணக்கும் சிலிக்கோன் பூசாதீர்கள். அது பின்பூச்சை அரிக்கும். அலுமாரிக் கதவுக் கண்ணாடி இதற்கு உதவாது. கண்ணாடி முன்னால் நிற்கக்கூடாது, இரண்டு கால்களுக்கும் நடுவே நிற்க வேண்டும்.

கைக்கென்றால் கை ஊன்றாத கதிரையில் இருந்து, மேசையில் கண்ணாடியை நெஞ்சின் நடுக்கோட்டில் செங்குத்தாக வையுங்கள். பளபளப்பான பக்கம் நல்ல கையைப் பார்க்கட்டும். பாதித்த கை அல்லது வெட்டுமுனை அதன் பின்னால் முழுதாக மறையட்டும். தலையை நல்ல பக்கம் சற்றே சாய்த்தால் பிம்பம் சரியான இடத்தில் விழும். நல்ல கை கண்ணாடியிலிருந்து 15 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால், மறுகையும் (அல்லது மாயக்கை இருப்பதாக உணரும் இடமும்) பின்னால் அதே 15 சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். அதிகம் பிழைக்கும் இடம் இதுதான்.

காலுக்குக் கட்டிலிலோ பாயிலோ முதுகைச் சுவரில் சாய்த்து, காலை நீட்டி இருங்கள். செயற்கைக் காலைக் கழற்றி வையுங்கள். சாரத்தைத் தொடைவரை மடித்துவிடுங்கள். துணி நடுவில் குறுக்கிட்டால் காட்சி வெட்டுப்படும்.

மோதிரம், காப்பு, மணிக்கூடு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றுங்கள். நல்ல கையில் மட்டும் பெரிய தழும்போ பச்சையோ இருந்தால் தோல் நிறத் துணியால் மூடலாம். யன்னல் வெளிச்சம் கையில் விழட்டும், கண்ணாடியில் அல்ல. ரீவியை நிறுத்துங்கள்.

செய்யும் ஒழுங்கு

முதல் நாள் அசைவு வேண்டாம். பிம்பத்தை 2, 3 நிமிடம் சும்மா பாருங்கள். "இது என் கால்" என்று படும்வரை பார்ப்பதே பாதி வேலை. படவில்லையென்றால் உதவியாளர் நல்ல பாதத்தைப் பஞ்சால் மெதுவாகத் தடவட்டும், பார்வை பிம்பத்திலேயே இருக்கட்டும். மாயக்காலிலும் தடவல் தெரிகிறதென்று சிலர் சொல்வார்கள். பாரிசவாதக்காரருக்கு இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தடவ வேண்டும். அரை விநாடி பிந்தினாலும் ஏமாற்று கலைந்துவிடும்.

பிறகு மாய உறுப்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பொத்தியிருக்கிறதா, பாதம் கீழே முறுகிக் கிடக்கிறதா? நல்ல உறுப்பை முதலில் அதே கோலத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்துதான் விரிக்கத் தொடங்க வேண்டும். மாயக்கை பொத்தியிருக்கும்போது விரித்த கையைக் காட்டினால் பிடிப்பு சில வேளை இன்னும் இறுகும். காலப்போக்கில் மாயக்கை சுருங்கி, விரல்கள் வெட்டுமுனையிலேயே ஒட்டியிருப்பதாக உணர்பவர்களுக்குக் கண்ணாடியோடு ஒத்துவருவது கடினம். பலனும் குறைவாகவே கிடைக்கிறது.

காலுக்குப் பாதத்தை மேலே இழுப்பது, கீழே அமர்த்துவது, விரல்களை மடக்கி விரிப்பது, கணுக்காலைச் சுழற்றுவது. கைக்குப் பொத்தி விரிப்பது, உள்ளங்கையைப் புரட்டுவது, மணிக்கட்டை உயர்த்துவது, பெருவிரலால் மற்ற விரல்களைத் தொடுவது. ஒவ்வொன்றும் 15 முறை, ஒரு அசைவுக்கு 4, 5 விநாடி. வேகமாகச் செய்தால் மறைந்த பக்கம் பின்தங்கி, இரண்டு பக்கமும் பிரிந்துவிடும். இரண்டாம் வாரத்தில் பாரிசவாதக் கைக்கு பஞ்சு பிழிவது, வெறும் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி வைப்பது என்று சேர்க்கலாம்.

மறைந்த பக்கம் என்ன செய்ய வேண்டும் என்பது நோயைப் பொறுத்தது. உறுப்பு இழந்தவர் மாய உறுப்பையும் கூடவே அசைக்க முயலவேண்டும். பாரிசவாதக்காரர் முடிந்த அளவு அசைக்கட்டும், பற்களைக் கடித்துத் தெண்டிக்க வேண்டாம். எலும்பு முறிந்து பிளாஸ்ரர் கழற்றிய பின்னும் கை வீங்கி, தொட்டாலே எரியும் நிலையில் இருப்பவர் தொடக்கத்தில் மறைந்த கையை அசைக்கவே கூடாது, பார்ப்பது மட்டும்.

ஒரு தடவை 15 நிமிடம், வாரத்தில் 5 நாளாவது, 4 வாரம். களைப்பவர் காலையில் 7, பின்னேரம் 7 நிமிடம் என்று பிரிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் இருந்து வாரம் முழுவதையும் ஈடுகட்ட முடியாது.

பிழைக்கும்போது

தலைசுற்று, குமட்டல், வியர்வை வந்தால் கண்ணாடியை விட்டு நல்ல உறுப்பை நேரே பாருங்கள். மறுநாள் பாதி நேரத்தோடு தொடங்குங்கள். வலி முதல் நாட்களில் சற்றுக் கூடலாம். முடித்து அரை மணி நேரத்துக்குப் பிறகும் தணியாவிட்டால் எண்ணிக்கையைக் குறையுங்கள், தொடர்ந்தால் நிறுத்திக் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின் காலை முழுதாகக் காண்பது சிலரை அழவைக்கும். முதல் தடவை தனியே விடாதீர்கள். அழட்டும்; "அழாதேங்கோ" என்று அவசரப்பட்டு ஆற்ற வேண்டாம். கண்ணாடியைப் பொறுமையாகத் துணியால் மூடிவிட்டு அருகில் இருங்கள். இந்தக் காட்சியே வேண்டாம் என்று அவர் சொன்னால் அதோடு விடுவதுதான் சரி.

வெட்டுமுனையில் ஒரு இடத்தை அழுத்தும்போது மின்னல்போல் குத்துகிறதென்றால், அல்லது செயற்கைக் கால் உரசிப் புண்ணாகியிருந்தால், அது மாய வலி அன்று. நரம்பு முடிச்சோ, வெட்டுமுனை உள்ளே அமரும் செயற்கைக் காலின் குழி பொருந்தாததோ காரணமாக இருக்கும். கண்ணாடி அதைத் தொடாது. செயற்கைக் கால் செய்த நிலையத்துக்கும் வைத்தியரிடமும் போங்கள், சலரோகம் உள்ளவர் அன்றே போங்கள். இரண்டு கால்களும் இல்லாதவருக்குக் காட்ட நல்ல கால் இல்லாததால் இம்முறை பொருந்தாது. பாரிசவாதத்தில் ஒரு பக்கப் பார்வையே போனவருக்கும், சொல்வதை விளங்கிக்கொள்ள முடியாதவருக்கும் சிகிச்சையாளர் அருகில் இல்லாமல் செய்ய வேண்டாம்.

ஒரு கொப்பியில் தினமும் மூன்று எண்களை எழுதுங்கள்: தொடங்குமுன் வலி 10க்கு எத்தனை, முடிந்தபின் எத்தனை, இரவில் எத்தனை தடவை வலியால் விழித்தார். பாரிசவாதமென்றால் வலிக்குப் பதிலாக, பாதித்த கை தானாகச் செய்த ஒரு வேலையை எழுதுங்கள். 4 வாரத்தில் எண்கள் அசையவே இல்லையென்றால் நேரத்தைக் கூட்டாமல் முதலில் அந்த 15 சென்ரிமீற்றரை மீண்டும் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் உடனே விட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு மூன்று நாள், பிறகு இரண்டு நாள் என்று இறக்குங்கள். வலி திரும்பினால் கண்ணாடியைத் திரும்ப எடுக்கலாம். அதனால் அதை விற்றுவிடாமல், துணி சுற்றி அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தி வையுங்கள்.