தேரின் சக்கரம், அச்சு, பிரேக்: தெளிவாகப் படமெடுக்கும் முறை

தேரோட்டப் படங்களைப் புரட்டினால் கலசம், தொம்பை (தொங்கும் துணி உருளைகள்), குதிரை, வடம் பிடிக்கும் கூட்டம் எல்லாம் கிடைக்கும். அச்சும், சக்கரம் கழலாமல் பிடிக்கும் கடையாணியும், பிரேக்கும் ஒன்றிலும் துலக்கமாக இருக்காது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. அத்தனையையும் சுமப்பவை நான்கு இரும்புச் சக்கரங்கள். நிறுத்துவது திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக்கும், சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுபவர்களின் கைப்பழக்கமும். அடுத்த மராமத்துக்கு வரும் தச்சரும் ஃபிட்டரும் இந்தப் படத்தைப் பார்த்து வேலை செய்ய வேண்டும் என்ற நினைப்போடு போங்கள். எதை எடுப்பது, எங்கே நிற்பது என்ற குழப்பம் பாதி அங்கேயே தீரும்.

தேரோட்டத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்புதான் சரியான நேரம். மேலே மூடியிருந்த தகரத்தைப் பிரித்திருப்பார்கள், மூங்கில் கட்டு ஏறிக்கொண்டிருக்கும், துணி இன்னும் கட்டியிருக்க மாட்டார்கள். துணி இறங்கிவிட்டால் அடிப்பாகம் இருட்டுதான். கோயில் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேலை பார்க்கும் தச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எந்த மூடியைக் கழற்றுவார்கள், எந்தச் சக்கரத்துக்கு கிரீஸ் வைக்கப்போகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள்.

கைப்பழக்கம் வேண்டுமானால் முதலில் தாராசுரம் போகலாம். ஐராவதேசுவரர் கோயில் மண்டபத்தின் பக்கவாட்டில் உள்ள கல் சக்கரம் ஆண்டு முழுவதும் அசையாமல் நிற்கிறது. குடம் (நடுப்பகுதி), ஆரம் (குறுக்குக் கால்), விளிம்பு மூன்றையும் எந்த வெயிலில் எடுத்தால் எப்படி வரும் என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

முழுச் சக்கரத்தை எடுக்கும்போது எல்லோரும் செய்யும் தவறு, கிட்டே போய் அகல லென்ஸில் எடுப்பது. சக்கரம் முட்டை வடிவமாகிவிடும், பக்கத்தில் உள்ள விளிம்பு வீங்கித் தெரியும். ஆழித்தேரின் சக்கரம் 9 அடி விட்டம். அதனால் அச்சின் நடு, தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கும். உங்கள் லென்ஸும் அதே நாலரை அடியில், அச்சுக்கு நேர் எதிரே இருக்க வேண்டும். 25 அடி தள்ளி நின்று 50 மிமீ லென்ஸ் போடுங்கள். சிறிய சென்சார் கேமராவில் 35 மிமீ. திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டு சக்கரத்தின் அகலமும் உயரமும் சமமா என்று பாருங்கள். அகலம் குறைந்தால் நீங்கள் பக்கவாட்டில் விலகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். போனில் எடுப்பவர்கள் 2 மடங்கு ஜூம் வைத்துப் பின்னால் நகருங்கள். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம். அது நட்டு போல்ட்டின் ஓரத்தையெல்லாம் பின்னணி என்று நினைத்துக் கரைத்துவிடும்.

அடுத்த சிக்கல் வெளிச்சம். தரையில் உருளும் பட்டை தேய்ந்து கண்ணாடியாக மின்னும். அதன் பக்கத்திலேயே கிரீஸும் பழைய மரமும் கன்னங்கரேலென்று இருக்கும். கேமரா அந்தக் கருமையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். பட்டை வெள்ளையாக வெந்து, கீறல், வெடிப்பு எதுவும் தெரியாமல் போகும். எக்ஸ்போஷரை மைனஸ் 1-ல் வைத்து, கேமரா சுருக்காத ரா ஃபைலாக எடுங்கள். ட்ரைபாட் இருந்தால் இரண்டிரண்டு ஸ்டாப் (வெளிச்ச அளவின் படி) வித்தியாசத்தில் மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. போலரைஸர் ஃபில்டர், பெயின்ட்டின் மேலும் எண்ணெயின் மேலும் உள்ள பளபளப்பைக் குறைக்கும். வெற்று இரும்பின் மினுக்கத்தை அது ஒன்றும் செய்யாது. அதற்கு வேட்டிதான் மருந்து: வெள்ளை எட்டு முழ வேட்டியை இரண்டு பேர் வெயிலுக்குக் குறுக்கே பிடித்தால் போதும். நீலத் தார்ப்பாய்க்கு அடியில் எடுத்தால் இரும்பெல்லாம் நீலம் பாய்ந்துவிடும், ஆகவே இடம் மாறும்போதெல்லாம் நிறத்தைப் பிறகு சரிசெய்ய உதவும் சாம்பல் நிற கிரே கார்டை வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கடையாணி, போல்ட், பிரேக் இணைப்பு போன்றவற்றுக்கு 90 அல்லது 100 மிமீ மேக்ரோ (மிக நெருக்கத்தில் எடுக்கும்) லென்ஸ். உறுப்பின் பாதி அளவு சென்சாரில் விழும் நெருக்கத்தில், பெரிய சென்சாரில் லென்ஸ் திறப்பை எஃப் 8-ல் வைத்தாலும் துல்லியமாகத் தெரியும் ஆழம் சுமார் 3 மிமீதான். போல்ட்டின் தலை தெளிந்தால் வாஷர் மங்கும். எஃப் 22-க்குப் போனால் தீராது. படம் முழுக்கவே மழுங்கும். எஃப் 8-லேயே ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எட்டுப் பத்துப் படம் எடுத்துப் பிறகு கணினியில் ஒன்றாக்குங்கள். 2 நொடி டைமர் வையுங்கள். தெருவில் லாரி போனால் தரை அதிரும், அது போகும்வரை காத்திருங்கள். படத்துக்காக கிரீஸைத் துடைக்காதீர்கள். அது அழுக்கு இல்லை, அச்சுக்கு உயிர். பொறித்த எண்ணின் மேல் உள்ள காய்ந்த புழுதியை மட்டும் பெயின்ட் பிரஷால் தட்டிவிடலாம்.

தேருக்கு அடியில் போவது, எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, தச்சர் சரி என்று சொன்ன பிறகு மட்டும். அங்கே நேராக ஃபிளாஷ் அடித்தால் கிரீஸ் மேல் வெள்ளைத் திட்டு விழும், பின்னால் ஒன்றும் தெரியாது. ஐஎஸ்ஓ 100, எஃப் 11, ஷட்டர் 8 நொடி வைத்து, எல்இடி டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக மெதுவாக வருடிக்கொண்டே போங்கள். டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தினால் அந்த இடம் வெளுக்கும். பிரேக்குக்கு, எண்ணெய்க் குழாய் எங்கே புறப்பட்டு எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்று காட்டும் ஒரு முழுப்படம் முதலில். பிறகு ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாக. ஒவ்வோர் உறுப்புக்கும் அளவு டேப் வைத்து ஒரு படம், வைக்காமல் ஒரு படம்.

தேரோட்டத்தன்று சக்கரத்துக்கு அருகே போகவே கூடாது. ஒரு திண்ணையிலோ மாடியிலோ 70-200 லென்ஸோடு முன்கூட்டியே இடம் பிடியுங்கள். ட்ரைபாடில் 1/8 நொடி வைத்தால் அருமையான ஒன்று நடக்கும்: உருளும் சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நிற்கிறது, உச்சி தேரைப்போல இரு மடங்கு வேகத்தில் போகிறது. அதனால் கீழே முட்டுக்கட்டையை ஒட்டிய பகுதி தெளிந்தும் மேலே ஆரங்கள் கலங்கியும் விழும். தேர் நகர்வது பார்த்தவுடன் புரியும். கட்டை நசுங்கிச் சிம்பு தெறிப்பதைப் பிடிக்க 1/1000. வீதி முனைகளை விடாதீர்கள். அங்கேதான் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகள் மேல் சக்கரத்தை வழுக்கவிட்டுத் தேரைத் திருப்புவார்கள். புழுதியில் லென்ஸ் மாற்ற வேண்டாம். ஏசி அறையிலிருந்து வந்தால் 20 நிமிடம் பையைத் திறக்காதீர்கள், கண்ணாடி வியர்த்துவிடும்.

அன்றிரவே ஃபைலுக்குப் பெயர் வைத்துவிடுங்கள்: முன் வலம், முன் இடம், பின் வலம், பின் இடம், அதன் பிறகு உறுப்பின் பெயர், தேதி. வலமும் இடமும் தேருக்கு வலம், இடம். எதிரே நின்று பார்க்கும் உங்களுக்கு அல்ல. இது மாறிவிட்டால் கடையாணி தேயும் பக்கம் தப்பாகப் பதிவாகிவிடும். ஒரு பிரதி கோயில் அலுவலகத்துக்கு, ஒன்று தச்சருக்கு.