ஆர்ட்டிகிள் முன்னால், நவுன் பின்னால்: தக்கலை டியூஷன் மேசையிலிருந்து

"டீச்சர், வார்த்தை எல்லாம் தெரியும், கோர்க்கத்தான் வரமாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள்தான் என் வகுப்பில் அதிகம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையில் சாயங்காலம் நடக்கிற சின்ன ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இது. நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு இன்டர்வியூவுக்குத் தயாராகிற பிள்ளைகள், கன்னியாகுமரியில் சங்கு, சிப்பிப் பொருள் விற்கிற கடைப் பையன்கள், குளச்சலில் இருந்து பஸ் ஏறி வருகிற காலேஜ் பிள்ளைகள் என்று பல ரகம். யாரிடமும் நான் இலக்கணப் புத்தகத்தை நீட்டுவதில்லை. பழைய காலண்டர் தாளைக் கிழித்துத் துண்டு போட்டு, ஒரு துண்டில் ஒரு வார்த்தை எழுதச் சொல்வேன். வீட்டில் நீங்களும் இதைச் செய்யலாம்.

கடைப் பையன் விற்கிற ஒரு சங்கு விளக்கை எடுத்துக்கொள்வோம். முதலில் 'லாம்ப்' என்ற துண்டை மேசையின் வலது ஓரத்தில் வையுங்கள். அதுதான் நவுன், அதாவது பெயர்ச்சொல். 'எ' என்ற ஆர்ட்டிகிளை ('எ', 'ஆன்', 'தி' மூன்றுக்கும் அதுதான் பெயர்) இடது ஓரத்தில் வையுங்கள். ரயிலுக்கு முன்னால் இன்ஜின், பின்னால் கார்டு பெட்டி மாதிரி இந்த இரண்டும் இடம் மாறாது. வர்ணிக்கிற வார்த்தை எத்தனை வந்தாலும் இரண்டுக்கும் நடுவில்தான்: 'எ ஸ்மால் ஒயிட் ஷெல் லாம்ப்'.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். தமிழில் 'ஒரு' ஊர் சுற்றும். 'ஒரு நல்ல வேலை' என்றும் சொல்வோம், 'நல்ல ஒரு வேலை' என்றும் சொல்வோம். அதிலும் நம்ம மாவட்டத்துப் பேச்சில் இரண்டாவதுதான் அடிக்கடி வரும். அதே பழக்கத்தில் 'வெரி குட் எ ஜாப்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'எ வெரி குட் ஜாப்' மட்டும்தான் சரி.

இன்னொன்றும் கவனியுங்கள். 'எ', 'தி', 'மை', 'திஸ்' எல்லாம் ஒரே நாற்காலிக்குப் போட்டி போடுகிறவை. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நிற்க வேண்டியதுதான். 'என்னுடைய ஒரு ஃப்ரெண்ட்' என்பதை அப்படியே 'மை எ ஃப்ரெண்ட்' என்று ஆக்க முடியாது. 'எ ஃப்ரெண்ட் ஆஃப் மைன்' என்று பின்னால் தள்ள வேண்டும். 'இந்த என் வீடு' என்பதும் 'திஸ் மை ஹவுஸ்' ஆகாது. 'திஸ் ஹவுஸ் ஆஃப் மைன்'.

சரி, நடுவில் நிற்கிற வர்ணிக்கிற வார்த்தைகளுக்குள், அதாவது அட்ஜெக்டிவ்களுக்குள், யார் முதலில்? புத்தகங்களில் அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், பொருள், பயன்பாடு என்று எட்டு வரிசை போட்டிருப்பார்கள். எட்டையும் ஒரே வாக்கியத்தில் அடுக்குகிற மனுஷரை நான் பார்த்ததில்லை. மூன்றுக்கு மேல் போனாலே கேட்கிறவருக்கு மூச்சு முட்டும். மனப்பாடம் செய்வதைவிட இப்படிப் பாருங்கள்: பொருளோடு பிரிக்க முடியாமல் ஒட்டியிருப்பது நவுனுக்குப் பக்கத்தில், வெறும் நம் அபிப்பிராயம் தூரத்தில். விளக்கு சங்கால் செய்தது, அதை மாற்ற முடியாது; அதனால் 'ஷெல்' நவுனை ஒட்டி நிற்கிறது. அதற்கு முன்னால் நிறம், அதற்கும் முன்னால் அளவு. 'லவ்லி' என்பது நம் வாய் சொல்வது, வாங்க வந்தவர் இல்லை என்றும் சொல்லலாம். அதனால் அது எல்லாவற்றுக்கும் முன்னால். நல்ல வேளையாக இங்கே தமிழ் காலை வாருவதில்லை. 'அழகான சின்ன வெள்ளைச் சங்கு விளக்கு' என்றுதான் நாமும் சொல்வோம், 'சங்கு வெள்ளைச் சின்ன விளக்கு' என்றால் நம் காதுக்கே இடிக்கும். சந்தேகம் வந்தால் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் வரிசை சரியாக விழும்.

'எ' போடுவதா 'ஆன்' போடுவதா என்பதை நவுனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆர்ட்டிகிளுக்கு அடுத்து எந்த வார்த்தை நிற்கிறதோ அதன் ஓசைதான் கணக்கு. பத்மநாபபுரம் அரண்மனை 'எ வுடன் பேலஸ்'. நடுவே 'ஓல்டு' வந்தால் 'ஆன் ஓல்டு வுடன் பேலஸ்'. நர்ஸ் பிள்ளைகளுக்கு: 'எ ஸ்டாஃப் நர்ஸ்', ஆனால் 'ஆன் ஐசியூ நர்ஸ்'. 'யூ' என்ற ஓசை வந்தால் 'எ': 'எ யூகே விசா', 'எ யூனிவர்சிட்டி'.

எண் வரும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. திருவள்ளுவர் சிலையின் உயரம் பீடத்தோடு சேர்த்து 133 அடி. பீடம் 38, சிலை 95. டூரிஸ்ட்டிடம் இதை இரண்டு விதமாகச் சொல்லலாம். நவுனுக்கு முன்னால் வைத்தால் 'எ 133-ஃபுட் ஸ்டோன் ஸ்டாச்சூ'. எண் பெரிதானாலும் 'ஃபுட்' ஒருமைதான், நடுவில் ஒரு சிறு கோடு. பின்னால் வைத்தால் 'தி ஸ்டாச்சூ இஸ் 133 ஃபீட் டால்'. இப்போது பன்மை, கோடு கிடையாது, 'டால்' கடைசிக்குப் போய்விடும். அந்தச் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்துக்கும் இதே கணக்கு: 'எ 77-மீட்டர் கிளாஸ் பிரிட்ஜ்', 'தி பிரிட்ஜ் இஸ் 77 மீட்டர்ஸ் லாங்'.

ஆர்ட்டிகிள் முதலிடத்தை விட்டுக்கொடுக்கிற இடங்களும் உண்டு. 'சச் எ டால் ஸ்டாச்சூ', 'வாட் எ பியூட்டிஃபுல் சன்செட்', 'ஹாஃப் ஆன் அவர்', 'ஆல் தி போட்ஸ்', 'போத் தி பஸ்ஸஸ்'. இவற்றுக்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல் வாயில் போட்டு உருட்டிக்கொள்ளுங்கள். 'சம்திங்', 'நத்திங்', 'சம்வேர்' வந்தால் அட்ஜெக்டிவ் பின்னால் போகும்: 'சம்திங் ஸ்பைஸி', 'சம்வேர் கொயட்'. ஓட்டல் வாசலில் வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிற கேள்விகளில் இது அடிக்கடி வரும்.

இனி கன்ஜங்ஷன், அதாவது இணைப்புச் சொல். தமிழில் 'உம்' ஒவ்வொன்றிலும் ஒட்டும்: அயிலையும் சாளையும் நெத்திலியும். ஆங்கிலத்தில் கடைசிக்கு முன்னால் ஒரே ஒரு 'அண்ட்' போதும்: 'மேக்கரல், சார்டின்ஸ் அண்ட் ஆங்க்கோவிஸ்'. நவுனுக்கு முன்னால் அளவும் நிறமும் சேர்ந்து வந்தால் 'அண்ட்' வேண்டாம், 'எ பிக் ரெட் போட்'. இரண்டு நிறம் சேர்ந்து வந்தால் வேண்டும், 'எ பிளாக் அண்ட் ஒயிட் கோட்'. இது புள்ளியும் திட்டுமாக ஒரே ஆடு. 'எ பிளாக் அண்ட் எ ஒயிட் கோட்' என்று இன்னொரு 'எ' சேர்த்தால் கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ஓர் எழுத்தில் ஆடு இரண்டாகிவிடும். 'இஸ்' போட்டுப் பேசினால் 'அண்ட்' கட்டாயம்: 'தி ரோடு இஸ் நாரோ அண்ட் ஸ்டீப்'.

'பிகாஸ்'தான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. விவேகானந்தர் பாறைக்குப் படகு நிற்கிற நாளில் கடைப் பையன் டூரிஸ்ட்டிடம் சொன்னது: 'தி சீ இஸ் ரஃப் பிகாஸ் தி போட் இஸ் நாட் ரன்னிங்.' படகு ஓடாததால் கடல் கொந்தளிக்கிறது என்று ஆகிவிட்டது! அவன் மனதில் ஓடியது தமிழ் வரிசை: 'கடல் சீற்றமாக இருக்கிறதால் படகு இல்லை.' நமக்கு 'ஆல்' காரணத்தின் வாலில் ஒட்டுகிறது, 'பிகாஸ்' காரணத்தின் தலையில் உட்காரும். 'தி போட் இஸ் நாட் ரன்னிங் பிகாஸ் தி சீ இஸ் ரஃப்.' காரணத்தை முதலில் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'பிகாஸ்' முதல் வார்த்தையாக வரட்டும், நடுவில் ஒரு கமா போடுங்கள்.

'அல்தோ'வும் இதே போலத் தலையில் உட்காருகிறதுதான். பத்மநாபபுரம் அரண்மனை நம்ம மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. 'அல்தோ தி பேலஸ் இஸ் இன் தமிழ்நாடு, கேரளா மெயின்டெயின்ஸ் இட்.' கமாவுக்குப் பின்னால் 'பட்' சேர்க்கக் கை அரிக்கும். சேர்க்காதீர்கள். 'இருந்தாலும்' என்று சொன்ன பிறகு 'ஆனால்' என்று நாமும் சொல்வதில்லையே.

கடைசியாக இன்டர்வியூவுக்கு ஒன்று. 'நாட் ஒன்லி', 'பட் ஆல்ஸோ' இரண்டும் ஒரே மாதிரி வார்த்தைகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். 'ஐ ஸ்பீக் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்ஸோ மலையாளம்' என்று சொல்லுங்கள், இரண்டு பக்கமும் மொழிதான் நிற்கிறது. 'ஐ நாட் ஒன்லி ஸ்பீக் தமிழ் பட் ஆல்ஸோ மலையாளம்' என்றால் ஒரு பக்கம் வினை, மறுபக்கம் மொழி, தராசு சாயும். மலையாளமும் பேசுகிற கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வாக்கியம் நிஜமாகவே பயன்படும், அதனால் அதைத்தான் முதலில் பழகச் சொல்கிறேன்.