லண்டனில் எஃப்டாக் வழியாகப் பிள்ளையை மீட்பது எப்படி?

லண்டன் குடும்ப நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். குடியாலோ போதையாலோ கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) போடும் வழக்கில் பிள்ளையை இழக்கும் நிலையில் இருக்கும் தாய் தகப்பனுக்கு இதை எழுதுகிறேன்.

வழக்கு தொடங்கியதுமே சட்டத்தரணியிடம் கேளுங்கள்: "எங்கள் பகுதியில் எஃப்டாக் இருக்கிறதா?" போதைக்கும் மதுவுக்குமான குடும்ப நீதிமன்றம் அது. 2008இல் நீதிபதி நிக்கலஸ் கிரிக்டன் லண்டனில் தொடக்கி வைத்தார். எல்லா ஊரிலும் இல்லை, அதனால்தான் முதலிலேயே கேட்கச் சொல்கிறேன். காசில்லை என்று தனியாகப் போய் நிற்காதீர்கள். இந்த வழக்குகளில் பெற்றோரின் வருமானம் பார்க்காமலே அரசு செலவில் சட்டத்தரணி கிடைப்பார்.

இங்கே தொடக்கம் முதல் முடிவு வரை முடிந்தவரை ஒரே நீதிபதிதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் சட்டத்தரணிகள் இல்லாமல், உங்களிடமே பேசுவார். நம் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு "எல்லாம் சரி ஐயா" என்று முடித்துவிடுகிறார்கள். அது போதாது. எந்த நேரத்தில் குடிக்கத் தோன்றுகிறது, அப்போது என்ன செய்கிறீர்கள் என்று விவரமாகச் சொல்லுங்கள். இடையில் குடித்துவிட்டால் சோதனை முடிவு வருமுன் நீங்களே எஃப்டாக்கின் சிகிச்சைக் குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தவே கூடாது. வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

தலைமுடிச் சோதனையும் செய்வார்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், அதை வைத்துப் போன மாதங்களில் குடித்ததையும் போதை எடுத்ததையும் கணிப்பார்கள். பிள்ளை திரும்பி வந்தால் மொட்டை போடுவதாக நேர்த்தி வைத்தவர்கள், வழக்கு முடியும்வரை பொறுங்கள். டை, பிளீச் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

பொதுவாக 26 வாரத்துக்குள் வழக்கை முடிக்கச் சட்டம் சொல்கிறது. நீதிபதி நீட்டிக்கலாம், ஆனால் அதை நம்பி முதல் மாதத்தை வீணாக்காதீர்கள்.

அப்புறம், மொழிபெயர்ப்பாளர். நீதிமன்றத்தில் அந்தச் செலவு உங்களுடையதல்ல. நாங்கள் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆனாலும் வந்தவர் தெரிந்தவராக இருந்தால் வேறொருவரைக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். என்ன ஆனாலும் மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். வழக்கு விவரத்தை வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள், அது நீதிமன்ற அவமதிப்பாகிவிடலாம்.