காற்று எங்கிருந்து? ரேடியோ மொழியிலும் பூமிச் சுழற்சியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரிலிருந்து ‘விண்ட் டூ ஒன் ஜீரோ டிகிரீஸ், ஒன் ஃபைஃப் நாட்ஸ்’ என்று வருகிறது. இந்தக் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பைலட் லைசென்ஸுக்குப் படிக்கும் பத்துப் பேரைக் கேட்டால் சிலராவது ‘தென்மேற்கே’ என்பார்கள். அது போவது வடகிழக்கே. சொல்லப்பட்ட 210 டிகிரி, அது புறப்பட்டு வரும் திசை.

தமிழ் காதுக்கு இதில் குழப்பமே வரக்கூடாது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. பாலாற்றங்கரை விவசாயி ‘மேக்காத்து’ என்றால் மேற்கே இருந்து வரும் காற்று. விமான உலகமும் அதே முறையில்தான் பேர் வைக்கிறது. கடல் நீரோட்டத்துக்கு மட்டும் தலைகீழ்: அது போகும் திசைதான் அதன் பேர். இரண்டையும் ஒரே பக்கத்தில் படித்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம்.

இந்தத் தவறின் விலை என்ன? ரன்வே 25-ல், அதாவது 250 டிகிரியை நோக்கி இறங்குகிறோம், காற்று 210-லிருந்து 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்). வித்தியாசம் 40 டிகிரி. எதிர்காற்று 15 × கோசைன் 40, அதாவது பதினொன்றரை நாட். பக்கக் காற்று 15 × சைன் 40, ஏறத்தாழ 9.6 நாட், இடப்பக்கத்திலிருந்து. திசையைத் திருப்பிப் புரிந்துகொண்டால் பதினொன்றரை நாட் எதிர்காற்று மனதுக்குள் பின்காற்றாகிவிடும், திருத்தமும் தவறான பக்கம் போகும். சிறு விமானமான செஸ்னா 172 சோதனையில் சமாளித்துக் காட்டிய பக்கக் காற்று 15 நாட். வீணாக்க அதில் அதிக இடமில்லை.

இன்னொரு சிறு தவறு. விமான நிலைய வானிலையைச் சொல்லும் மெட்டார் அறிக்கையில் எழுத்தில் வரும் காற்றுத் திசை மெய் வடக்கை வைத்தது. டவர் வாயால் சொல்வது திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கை வைத்தது. ரன்வே எண்ணும் காந்தத் திசைதான். வேலூர்ப் பக்கம் இரண்டுக்கும் ஒன்றிரண்டு டிகிரிதான் வேறுபாடு என்பதால் இங்கே படிப்பவர்கள் இதை அலட்சியம் செய்துவிடுகிறார்கள். கனடாவின் வடக்கே அது பல பத்து டிகிரி. பரீட்சைக் கேள்வி வேலூரில் நடப்பதில்லை.

‘பூமி சுற்றுவதால் காற்று அடிக்கிறது’

பூமிச் சுழற்சி பற்றி அதிகம் கேட்கும் தவறு இது. காற்றைக் கிளப்புவது வெயில்: ஓரிடம் அதிகம் சூடாகி, இன்னோரிடம் குறைவாகச் சூடாகி, அதனால் வரும் அழுத்த வேறுபாடு. சுழற்சி அந்தக் காற்றை ஒரு பக்கமாகத் திருப்புகிறது, அவ்வளவுதான். கொரியாலிஸ் விளைவு என்ற இந்தத் திருப்பம் வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. வட அரைக்கோளத்தில் காற்றின் வலப்பக்கமாகத் திருப்பும், தென் அரைக்கோளத்தில் இடப்பக்கமாக. வடக்கு தெற்காகப் போகும் காற்றைத்தான் திருப்பும் என்று எழுதுவதும் தவறு. கிழக்கு மேற்காகப் போனாலும் திருப்பும்.

எவ்வளவு திருப்பும் என்பதை எண்ணால் பிடித்துக்கொள்வது நல்லது. திருப்பும் பலம் அட்சரேகையின் சைனைப் பொறுத்தது. வேலூர் 12.9 டிகிரி வடக்கு, சைன் 0.22. துருவத்தில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வேலூருக்கு மேல் ஒரு மணி நேரம் போகும் காற்று 36 கிலோமீட்டர் கடந்திருக்கும். அதற்குள் சுழற்சி அதை வலப்பக்கம் சுமார் 2 கிலோமீட்டர் தள்ளியிருக்கும். அதே கணக்கை வாஷ்பேசினில் போடுங்கள்: நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் பத்து நொடி ஓடும் தண்ணீர் விலகுவது ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு. பேசினின் வளைவும் குழாயைத் திறந்த விதமும் அதை விழுங்கிவிடும். தண்ணீர் எந்தப் பக்கம் சுழன்று இறங்குகிறது என்பதை வைத்து அரைக்கோளத்தைக் கண்டுபிடிக்கலாம் என்ற பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

இந்த ஊர் மழையைத் தீர்மானிப்பதும் அந்தத் திருப்பம்தான். தென் அரைக்கோளத்தின் தென்கிழக்குக் காற்று நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் வளைந்து தென்மேற்குப் பருவக்காற்று ஆகிறது. சென்னையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் ரன்வே 25-ம், ஐப்பசி கார்த்திகையில் வாடையும் கொண்டலும் வந்தபின் ரன்வே 07-ம் உபயோகத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

‘சுழற்சிதான் பருவங்களைத் தருகிறது’

பருவங்களைத் தருவது அச்சின் சாய்வு, பூமிக்கு 23.4 டிகிரி. சாய்வையும் சுழற்சியையும் பிரித்துப் பார்க்க யுரேனஸைவிட நல்ல உதாரணம் இல்லை. 1977 மார்ச்சில் அது ஒரு விண்மீனை மறைத்தபோது, ஜவ்வாது மலையில் நம் காவலூர் தொலைநோக்கியிலும் அதன் வளையங்களின் தடயம் பதிவானது. அந்தக் கிரகம் 98 டிகிரி சாய்ந்து, படுத்த மாதிரி சுற்றுகிறது. 1986-ல் வாயேஜர் 2 விண்கலம் அருகில் போனபோது ஒரு துருவம் ஏறக்குறைய நேராகச் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் மட்டும்தான் எல்லாம் என்றால் காற்று துருவத்திலிருந்து நடுப்பகுதிக்கு ஓடியிருக்க வேண்டும். ஆனால் அங்கும் மேகங்கள் நடுக்கோட்டுக்கு இணையாகவே ஓடின. சுமார் 17 மணி நேரத்தில் ஒருமுறை சுற்றும் சுழற்சி, காற்றைத் தன் வழிக்கு இழுத்துவிட்டது.

வெள்ளி எதிர்ப்பக்க உதாரணம்: ஒருமுறை சுற்ற 243 நாள். நடுப்பகுதியில் மேலெழும்பி துருவம் நோக்கிப் போகும் காற்றோட்டமான ஹாட்லி சுற்று, பூமியில் 30 டிகிரி அட்சரேகையில் இறங்கிவிடுகிறது. வெள்ளியில் ஏறத்தாழ 60 டிகிரி வரை போகிறது. வேகமாகச் சுற்றினால் சுற்று குறுகும், மெதுவாகச் சுற்றினால் நீளும். பத்து மணி நேரத்துக்குள் சுற்றும் வியாழனில் ஏன் அத்தனை பட்டைகள் என்பதும் இதிலேயே புரியும். ‘மெதுவாகச் சுற்றும் கிரகத்தில் காற்று இருக்காது’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வெள்ளியின் மேல்மேகங்கள் நான்கே நாளில் கிரகத்தைச் சுற்றிவிடுகின்றன.

புயல் வரும்போது

கார்த்திகை மாதத் தாழ்வு மண்டலம் எவ்வளவு பாடு படுத்தும் என்பதை 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளத்தில் இந்த மாவட்டம் பார்த்தது. வட அரைக்கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகாரத்துக்கு எதிராகச் சுழலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வு இடப்பக்கம்.

மையம் வங்கக் கடலில் இருக்கும்போது வேலூரில் அடிப்பது வாடை. மையம் நமக்கு வடக்கே கடந்தால் வாடை மேற்குக் காற்றாக மாறி, பிறகு தென்றல் திசைக்குப் போகும். இது எதிர்ச்சுற்று, ஆங்கிலப் பாடத்தில் பேக்கிங். தெற்கே கடந்தால் வாடை கொண்டலாகி, பிறகு தென்றல் திசைக்கு வரும், இது கடிகாரச் சுற்று, வீரிங். இந்த இரண்டையும் மாற்றி எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பேர்களை மனப்பாடம் செய்யாமல், தாளில் ஒரு வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து, வேலூரை ஒரு புள்ளியாக வைத்து, வட்டத்தை மேற்கே நகர்த்திப் பாருங்கள்.

இதிலிருந்து வரும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து சென்னை நோக்கி, வேலூருக்கு மேல் கிழக்கே பறக்கிறோம், முன்னால் தாழ்வு. வாடை இடப்பக்கத்திலிருந்து அடித்து விமானத்தை வலப்பக்கம் நகர்த்துகிறது. அப்படி நகர்ந்தாலே முன்னால் அழுத்தம் குறைகிறது என்று பொருள். உயரம் காட்டும் ஆல்டிமீட்டரைப் பழைய கியூஎன்எச்சிலேயே (கடல்மட்ட அழுத்தத்துக்காக அதில் வைக்கும் எண்) விட்டால் அது உண்மையைவிட உயரமாகக் காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி. 1010 வைத்துக்கொண்டு 1000-க்குள் நுழைந்தால் சுமார் 270 அடி கீழே இருப்போம். ஆயிரம் மீட்டரைத் தாண்டும் ஜவ்வாது மலை பக்கத்தில் இருக்கும்போது, மேகத்துக்குள், அது சின்ன எண் இல்லை. புது கியூஎன்எச் கேளுங்கள்.

‘சரி’ என்ற சொல்

கேட்டு வாங்கிய எண்ணைத் திருப்பிச் சொல்லும் இடத்தில்தான் தமிழ் பேசுபவர்களுக்கென்றே ஒரு கண்ணி இருக்கிறது. ‘சரி’ என்றால் நமக்குக் கேட்டது, புரிந்தது, ஒப்புக்கொள்கிறேன், செய்கிறேன், ஆமாம் எல்லாமே. ரேடியோவில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். ‘ராஜர்’ என்றால் முழுதாகக் கேட்டேன், அவ்வளவே. ‘வில்கோ’ என்றால் செய்கிறேன். ‘அஃபர்ம்’ என்றால் ஆமாம். கியூஎன்எச், ஹெடிங் (மூக்கு நோக்கும் திசை), உயரம், ரன்வே, ‘ஹோல்ட் ஷார்ட்’ (ரன்வேக்கு முன் நில்) ஆகியவற்றுக்கு வெறும் ‘ராஜர்’ பதிலாகாது. எண்ணையும் ரன்வேயையும் திருப்பிச் சொல்லி, விமானத்தின் அழைப்புப் பெயரான கால்சைனோடு முடிக்க வேண்டும்.

1989 பிப்ரவரி 19 அன்று கோலாலம்பூர் அருகே சரக்கு விமானம் ஒன்றுக்கு 2400 அடிக்கு இறங்கச் சொன்னார்கள். கன்ட்ரோலர் ‘டிசென்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று தனித்தனி இலக்கமாகச் சொல்ல, விமானிகள் அந்த ‘டூ’வை இரண்டு என்ற எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், ‘வரை’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொல்லாக எடுத்துக்கொண்டு 400 அடிக்கு இறங்கினார்கள். அவர்கள் திருப்பிச் சொன்னது ‘ஃபோர் ஜீரோ ஜீரோ’. அந்தத் தவறு யார் காதிலும் நிற்கவில்லை. நால்வரும் இறந்தார்கள். உயரத்தை ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று ஆயிரம், நூறாகச் சொல்லும் வழக்கத்தை விடக்கூடாது என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். கியூஎன்எச், ஹெடிங், காற்றுத் திசை ஆகியவற்றுக்குத்தான் தனித்தனி இலக்கம்.

‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, அந்த அனுமதி வந்து அதைத் திருப்பிச் சொல்லும்போதும் அது ரத்தாகும்போதும் அன்றி வேறெங்கும் பேசாதீர்கள்; மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’. 1977 மார்ச் 27-ல் டெனரிஃபில் 583 பேர் இறந்ததற்குப் பின் இறுகிய விதி இது.

உச்சரிப்பில், ‘ஃபைஃப்’, ‘நைனர்’ என்பவை வேடிக்கைக்கு இல்லை. இரைச்சலில் 5-ம் 9-ம் ஒன்றாகக் கேட்கும். ‘த்ரீ’யை ‘ட்ரீ’ என்று சொல்வது நம் நாவுக்குச் சிரமமே இல்லை. சிரமம் ‘ஃபோவர்’: அவசரத்தில் ‘போர்’ ஆகிவிடும். மேலுதடு படாமல், கீழுதட்டில் மேல்பல் பதிய, வாய்விட்டு இருபது முறை சொல்லிப் பழகுங்கள். மைக்கின் பட்டனை அழுத்தி ஒரு நொடி நின்று பேசத் தொடங்குங்கள். இல்லையென்றால் முதல் இலக்கம் வெட்டுப்பட்டு, 1004 என்ற கியூஎன்எச் மறுமுனையில் ‘ஜீரோ ஜீரோ ஃபோவர்’ ஆகப் போய்ச் சேரும்.