கை நுழையாத மூலையில் இருக்கும் டீசல் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுவது

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தூரம்கூட ஏறியிருக்க மாட்டோம், வண்டியில் பிக்கப் செத்துவிட்டது. சமதளத்தில் ஒன்றும் தெரியாது, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு விக்கல், அப்புறம் இழுக்காது. வீட்டுக்கு வந்து, வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த பழுதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரை மாட்டினால் பி-0087 என்ற பழுதுக் குறியீடு: காமன் ரயிலில், அதாவது என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்கெல்லாம் டீசல் கொடுக்கும் உயர் அழுத்தக் குழாயில், அழுத்தம் போதவில்லை. இந்தக் குறியீடு வந்ததும் பம்ப் போச்சு, இன்ஜெக்டர் போச்சு என்று பயப்பட வேண்டாம். முதலில் பார்க்க வேண்டியது டீசல் ஃபில்டரைத்தான், அதிலும் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நினைவில்லை என்றால் கண்டிப்பாக.

என்னுடையது சுவிஃப்ட், ரிட்ஸ், புன்டோ, விஸ்டா என்று பல கார்களில் ஓடிய அதே ஃபியட் 1.3 லிட்டர் டீசல் என்ஜின். ஃபில்டர் இருக்கும் இடம் காருக்குக் கார் மாறும். என் வண்டியில் அது என்ஜினுக்குப் பின்னால், ஃபயர்வாலை (என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவர்) ஒட்டி, மேலிருந்து பார்த்தால் மூடி மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு கை போனால் கண் போகாது, கண் போனால் கை போகாது. இந்த மாதிரி இடத்தில் ஃபில்டர் உள்ளவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தேவையானவை அதிகமில்லை. 10 எம்எம் சாக்கெட், ராட்செட், ஒரு நீள எக்ஸ்டென்ஷன், முக்கியமாக வளைந்து திரும்பும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட், ஏனென்றால் அந்த மூலையில் நேராக எதுவுமே நுழையாது. தலையில் மாட்டும் டார்ச், விழுந்த போல்ட்டை எடுக்கக் காந்தக் குச்சி, மூடியைப் பட்டையால் சுற்றிப் பிடித்துத் திருப்பும் ஸ்ட்ராப் ரெஞ்ச், நைட்ரைல் கையுறை, ஒரு அடி டிரான்ஸ்பரன்ட் டியூப், காலி தண்ணீர் பாட்டில், துணி. பனியன் வேஸ்ட் பஞ்சு பறக்கும், அதை வெளியே துடைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே துடைக்க நூல் உதிராத துணிதான். ஃபில்டரை நம்பகமான டீலரிடம் பில்லோடு வாங்குங்கள், இதில் போலி நிறைய வருகிறது. பெட்டியில் புது ஓ-ரிங் (மூடியில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

காலையில், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஆரம்பியுங்கள். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்பது உண்மைதான், ஆனால் நம் ஊர் டீசலுக்கு ஃபிளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி நெருப்புப் பட்டால் பற்றும் வெப்பநிலை, குறைந்தபட்சம் 35 டிகிரி இருந்தால் போதும் என்பதுதான் தரக்கட்டுப்பாடு. சித்திரை வெயிலில் பானெட்டுக்குள் அதைவிடச் சூடு இருக்கும். ஆகவே காற்றோட்டமான இடம், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட வேண்டும், டேங்க் மூடியை ஒருமுறை திறந்து அழுத்தத்தை விடுவித்து மூட வேண்டும்.

இப்போது இடம் உண்டாக்கும் வேலை. பாதி நேரம் இதற்குத்தான் போகும், போகட்டும். ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதிலிருந்து டர்போவுக்கு (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) போகும் குழாயையும் கழற்றினால் இரண்டு கையும் உள்ளே போகும். சில கார்களில் பேட்டரியையும் அதன் தட்டையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். இவற்றைக் கழற்றாமல் மேலிருந்தே சமாளிக்கப் பார்த்தால் கிளிப் உடையும், கை கிழியும். குழாயைக் கழற்றியதும் டர்போவின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அதற்குள் ஒரு சின்ன நட் விழுந்தாலும் செலவு ஃபில்டரோடு நிற்காது. அந்தத் துணி கண்ணில் படுகிற நிறத்தில் இருக்கட்டும், மாட்டும்போது மறக்கக் கூடாது.

எதையும் திறப்பதற்கு முன் ஃபில்டரைச் சுற்றியுள்ள மண்ணைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, டீசல் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படவே வேண்டாம். காமன் ரயிலில் அழுத்தம் 1,000 பாருக்கு மேல் போகும், கார் டயரில் இருப்பது 2 பார் சுமார்தான். அந்த அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டரின் துளைக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மண் துகள் போதும். பழைய ஃபில்டர் அடைத்திருந்தால் பிக்கப்தான் போகும். புது ஃபில்டர் மாட்டும்போது சுத்தமான பக்கத்தில் மண் விழுந்தால் இன்ஜெக்டரே போய்விடும்.

அடுத்தது தண்ணீர். ஃபில்டரின் அடியில் டிரெயின் ஸ்க்ரூ இருக்கும், அதன் முனையில் டியூபைச் சொருகி மறுமுனையைப் பாட்டிலில் விட்டு அரைச் சுற்று திறந்துவிடுங்கள். தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும், அதுதான் முதலில் வரும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஆடாமல் வைத்தால் கோடு போட்ட மாதிரி பிரிந்து தெரியும். எனக்கு இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. இவ்வளவு வந்தால் டேங்கையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சென்சார், ஹீட்டர் கனெக்டர்களை லாக்கை அழுத்திக் கழற்ற வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. டீசல் குழாய்களைத் தொடும் முன் போனில் நான்கைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், எது உள்ளே போவது எது வெளியே வருவது என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். இந்தக் குழாய்களின் முனையில் பிளாஸ்டிக் கிளிப் இருக்கும். முதலில் குழாயை ஃபில்டர் பக்கமாகவே லேசாகத் தள்ளி, அப்படியே கிளிப்பை அமுக்கி, பிறகு இழுங்கள், வந்துவிடும். பத்து வருடச் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தெறிக்கும். கழன்ற முனைகளில் உடனே சுத்தமான பாலித்தீனைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். கீழே உள்ள ரப்பர் குழாய்கள் மீது டீசல் சொட்டாமல் துணி விரித்து வையுங்கள், டீசல் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும்.

பிராக்கெட் போல்ட்டை யுனிவர்சல் ஜாயின்ட்டால் தளர்த்தி, ஃபில்டரைச் சாய்க்காமல் மேலே எடுங்கள். சில கார்களில் ஃபில்டர் மொத்தமும் ஒரே பெட்டி, அப்படியே மாற்ற வேண்டியதுதான். என்னுடையதில் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம். அதற்கு ஸ்ட்ராப் ரெஞ்ச். கூட்டின் அடியில் தங்கிய கசடை நன்றாகத் துடைத்து, பழைய ஓ-ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஓ-ரிங் உட்கார்ந்தால் காற்று இழுக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. புது ஓ-ரிங்கில் கிரீஸ் வேண்டாம், சுத்தமான டீசலைத் தடவினால் போதும். மேனுவலில் சொன்ன அளவுக்கு மேல் மூடியை முறுக்காதீர்கள். கேனிலிருந்து டீசல் ஊற்றி நிரப்பும் பழக்கமும் எனக்கு இல்லை. ஊற்றுவது ஃபில்டரின் சுத்தமான பக்கத்தில் விழுந்தால் அது வடிகட்டாத டீசலாகவே பம்புக்குப் போகும்.

கழற்றியதற்குத் தலைகீழாக மாட்டுங்கள். குழாய்கள் 'டிக்' என்று பூட்டும், பூட்டியதும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். டர்போ வாயிலிருந்த துணியை எடுத்து, காற்றுக் குழாயையும் பெட்டியையும் மாட்டி, பேட்டரியை இணையுங்கள்.

உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய் மாதிரி, வெறும் காற்றோடு சுற்றினால் உள்ளே உரசித் தேயும். டேங்குக்குள் மின்சாரப் பம்ப் உள்ள கார் என்றால் இக்னிஷனை ஆன் செய்து, பின் சீட்டுப் பக்கம் கேட்கும் பம்ப் சத்தம் நிற்கும்வரை காத்திருந்து ஆஃப் செய்யுங்கள், இப்படி ஏழெட்டு முறை. கையால் அமுக்கும் பம்ப் உள்ள கார் என்றால் அது கல் மாதிரி கெட்டியாகும்வரை அமுக்க வேண்டும். அதன்பின் செல்ஃப், ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் இடைவெளி. முதலில் தடுமாறி ஓடும், பிறகு சீராகிவிடும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பழைய மெக்கானிக்குகள் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள். அம்பாசிடர் காலத்து டீசலுக்கு அது சரி. காமன் ரயிலில் அந்த நட்டைத் தொடவே கூடாது, அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி யாருக்காவது பட்டால் வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மீண்டும் ஃபில்டர் குழாய்களையும் ஓ-ரிங்கையும் பாருங்கள், காற்று பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, டார்ச் அடித்து மூடி, டிரெயின் ஸ்க்ரூ, கிளிப் எல்லாவற்றிலும் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கேனரில் அந்தப் பழுதுக் குறியீட்டை அழித்துவிடுங்கள். வடித்த டீசலைச் சாக்கடையில் கொட்டாமல், பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அதில் ஒரு சொட்டும் இல்லை என்றால் மட்டும் வெளியூர் எடுத்துப் போங்கள்.