படம் ஓடுகிறது, ஒலி மட்டும் வரவில்லை: கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

வீடியோ திரையில் தடையின்றி ஓடியும் ஒலி வராதபோது, பலரும் உடனே கணினியின் ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருளான சவுண்ட் டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. அதற்கு முன் அதே கணினியில் ஒரு எம்பி3 பாடலை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். பாடலும் கேட்கவில்லையென்றால் கோளாறு கணினியில் இருக்கிறது. பாடல் கேட்கிறதென்றால் டிரைவரைத் தொட வேண்டியதில்லை. கோப்பையும் பிளேயரையும்தான் ஆராய வேண்டும்.

கணினிப் பக்கம் பார்க்க வேண்டியவை குறைவு. எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரை இணைத்தால், ஸ்பீக்கரே இல்லாத அந்த மானிட்டருக்கு விண்டோஸ் ஒலியைத் திருப்பிவிடுவதுண்டு. ஒலி அமைப்பில் சரியான ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் போதும். வால்யூம் மிக்சரில் அந்தப் பிளேயர் மட்டும் மியூட் ஆகியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கோப்புப் பக்கம்தான் விஷயம் அதிகம். எம்கேவி, எம்பி4 என்ற பின்னொட்டுகள் உறையின் பெயர்கள் மட்டுமே. டிபன் கேரியரை வெளியிலிருந்து பார்த்து உள்ளே இருப்பது சாம்பாரா ரசமா என்று சொல்ல முடியாததைப் போல, பின்னொட்டை வைத்து உள்ளிருக்கும் ஒலி எந்த வகை என்று சொல்ல முடியாது. திரைப்படக் கோப்புகளில் ஏசி3, ஈ-ஏசி3, டிடிஎஸ் ஆகிய வகைகள் பரவலாக இருக்கின்றன. உரிமக் காரணங்களால் எல்லாப் பிளேயர்களும் இவற்றை ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து ஏசி3 ஒலியைப் பிரித்துக் கேட்கவைக்கும் மென்பொருளான ஏசி3 கோடெக் கூடவே வருவதில்லை. பழைய கணினியில் நன்றாக ஓடிய படம் புதிய கணினியில் ஊமைப்படமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே தேவையான கோடெக்குகளைத் தன்னுள்ளேயே கொண்ட விஎல்சி பிளேயரில் அந்தக் கோப்பைத் திறந்து, கண்ட்ரோல் விசையுடன் ஜே விசையை அழுத்துங்கள். வரும் பட்டியலில் 'ஆடியோ' என்ற பகுதியே இல்லையென்றால், கோப்பில் ஒலி அறவே இல்லை என்று பொருள். யூடியூப் உயர்தரக் காட்சியையும் ஒலியையும் தனித்தனியாக அனுப்புவதால், சில தரவிறக்கக் கருவிகள் காட்சியை மட்டும் சேமித்துவிடுகின்றன. அப்படிப்பட்ட கோப்பை எந்தப் பிளேயராலும் பேசவைக்க முடியாது, மீண்டும் தரவிறக்குவதே வழி. 'ஏ52' (ஏசி3இன் மறுபெயர்) என்றோ 'டிடிஎஸ்' என்றோ இருந்து விஎல்சியில் ஒலியும் கேட்டால், குறை பழைய பிளேயரில்தான். இனி விஎல்சியிலேயே பார்க்கலாம்.

விஎல்சியிலும் கேட்கவில்லையென்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஆடியோ மெனுவில் ஒலித்தடம் 'டிசேபிள்' என்று இருக்கக்கூடும். பல மொழித் தடங்கள் உள்ள படத்தில் பி விசையை அழுத்தி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். அடுத்து, பிரிஃபரன்சஸ் பகுதியின் ஆடியோ பக்கத்தில் எச்டிஎம்ஐ, எஸ்பிடிஐஎஃப் பாஸ்த்ரூ என்ற அமைப்பை அணைத்துவையுங்கள். அது இயங்கினால் ஒலி பிரிக்கப்படாமல் அப்படியே வெளியே போகும். ஹோம் தியேட்டர் ரிசீவருக்கு அது புரியும், சாதாரண ஸ்பீக்கருக்குப் புரியாது.

இசை முழங்குகிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை என்பது வேறு கதை. ஆறு ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலியில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கே போகிறது. விண்டோஸில் 5.1 என்று தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டு ஸ்பீக்கர் மட்டும் வைத்திருந்தால் வசனம் தொலைந்துபோகும். அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள்.

'இந்தப் படத்துக்குத் தனிக் கோடெக் தேவை' என்று கூறி எதையாவது நிறுவச் சொல்லும் இணையதளங்களை நம்ப வேண்டாம். வைரஸ் பரப்புவோரின் பழைய உத்தி அது.

அதே கோப்பு டிவியிலும் ஓட வேண்டுமானால் ஒலியை ஏஏசி வகைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் மென்பொருள் காட்சியையும் சேர்த்து மறுபடி உருவாக்குவதால் நேரம் பிடிக்கும். கட்டளை தட்டச்சு செய்து இயக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவியில் காட்சிக்கு 'காப்பி', ஒலிக்கு 'ஏஏசி' என்று கட்டளையிட்டால் காட்சியின் தரம் குறையாமல் வேலை விரைவில் முடியும். ஆனால் தனியாகச் சொல்லாவிட்டால் அது ஒரே ஒரு ஒலித்தடத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். தேவையான மொழி வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்த்த பிறகே மூலக் கோப்பை அழியுங்கள்.